இடித்த கான்கிரீட்டை அரைத்த மணல்: எம்-சாண்டுக்குப் பதிலாகப் போடலாமா?

மாடிப்படி | 2025 ஜூலை 3, இரவு 9.40

சென்னையில் 1990-களில் கட்டின இரண்டு மாடி வீட்டை இடிக்கிறோம். தூண், பீம், ஸ்லாப் கான்கிரீட்டைத் தனியாக ஒதுக்கி, கிரஷரில் விட்டு, 4.75 மி.மீ. சல்லடையில் சலித்து, கீழே விழுவதை எம்-சாண்டுக்கு (கருங்கல்லை உடைத்து அரைத்த மணல்) பதிலாகப் போடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். "அதுல ஏற்கெனவே சிமெண்ட் இருக்கு சார், மூட்டைக்கு அஞ்சு கிலோ குறைச்சுக்கலாம்" என்கிறார். எம்20 (கான்கிரீட்டின் பலத் தரம், எண் கூடினால் பலம் கூடும்) ஸ்லாப், பூச்சு, தரை எல்லாவற்றுக்கும் இதுவேதானாம். சரியா?

சல்லடைக்காரன் | ஜூலை 3, இரவு 11.05

சிமெண்டைக் குறைக்காதீர்கள். மற்றதை நாளைக்கு.

சல்லடைக்காரன் | ஜூலை 4, காலை 7.20

முதலில் ஒப்பந்தக்காரர் சொன்ன அந்தச் 'சிமெண்ட்'. முப்பது வருட கான்கிரீட்டில் பெரிய சிமெண்ட் துகள்களின் நடுவில் நீர் போய்ச் சேராத கொஞ்சம் மிஞ்சியிருக்கும், உண்மைதான். உடைத்தால் அது வெளியே வரும். குவியலில் மழை பட்டால் மேலே ஓடு மாதிரி இறுகுவதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, லோடுக்கு லோடு மாறும். கணக்கில் சேர்க்க முடியாத பலத்தை நம்பி மூட்டையில் கை வைக்கக் கூடாது.

அதில் இருப்பது சிமெண்ட் இல்லை, சிமெண்ட் பசை இறுகிய கல். அது பஞ்சு. உடையும்போது கருங்கல் ஜல்லி தாங்கிக்கொள்கிறது, பசைதான் நொறுங்குகிறது. அதனால் துகள் சிறுக்கச் சிறுக்கப் பசையின் பங்கு கூடும். 20 மி.மீ. துண்டில் கல் தெரியும், 2 மி.மீ. துகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள், குவார்ட்ஸ் மணிமேல் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். 150 மைக்ரானுக்குக் கீழே போனால் அதில் பெரும்பகுதி அந்தத் தோலின் தூள்தான்.

இதை ஆர்-சாண்ட் என்று இந்த இழைக்குள் மட்டும் வைத்துக்கொள்வோம். ஆற்றுமணல் நீர் உறிஞ்சுவது ஏறத்தாழ 1%. நல்ல எம்-சாண்ட் 2, 3%. ஆர்-சாண்ட் 5-லிருந்து 12, 13% வரைகூடப் போகும். ஒப்படர்த்தி (நீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது) ஆற்றுமணலுக்கு 2.6-க்கு மேல், இதற்கு 2.2-லிருந்து 2.4, அதுவும் நீர் குடித்து மேற்பரப்பு காய்ந்த நிலையில். மற்ற தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு எண்களிலிருந்துதான் கிளம்புகின்றன.

சல்லடைக்காரன் | ஜூலை 4, பகல் 1.10

விதி என்ன சொல்கிறது என்று மாடிப்படி தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். ஐஎஸ் 383 (கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய இந்தியத் தரம்), 2016 பதிப்பு, முதல் அட்டவணை. கான்கிரீட்டை உடைத்து எடுத்த மணல் சாதா கான்கிரீட்டில் 25%, கம்பி போட்ட கான்கிரீட்டில் 20% (அதுவும் எம்25 வரைதான்), எம்15-க்குக் கீழான கான்கிரீட்டில் 100%. செங்கல், பூச்சு எல்லாம் கலந்த இடிபாடு என்றால் இந்த அனுமதி கிடையாது.

நீர் உறிஞ்சல் 10% வரை போகலாம், ஆனால் கலவைக்கு முன்பே நனைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு. இதைப் படிக்காமல் 20% என்பதை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள்தான் அதிகம்.

ஆக உங்கள் ஸ்லாபுக்கு 20%. பூச்சுக்கு வேண்டாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

சல்லடைக்காரன் | ஜூலை 5, இரவு 10.30

ஒரு கனமீட்டருக்குக் கணக்கு. எம்20, சிமெண்ட் 320 கிலோ, சிமெண்டுக்குக் கிடைக்க வேண்டிய நீர் 176 லிட்டர், நீர்-சிமெண்ட் விகிதம் 0.55. எம்-சாண்ட் 700 கிலோ. அதில் 20% என்றால் ஆர்-சாண்ட் 140 கிலோ. உறிஞ்சல் 9%, குவியலில் இருக்கும் ஈரம் 4% என்று வைப்போம். 140 என்பது நீர் குடித்த நிலையில் எடை, ஆகவே உலர் எடை 140/1.09 = 128.4 கிலோ. இன்னும் 5% குடிக்கும், அதாவது 6.4 லிட்டர். 176-க்கு மேல் இதைச் சேர்க்க வேண்டும்.

சேர்க்காவிட்டால் ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) விழும். அத்தோடு நின்றால் பரவாயில்லை. கொத்தனார் "சார் கலவை ஓடலை" என்று ஒரு பக்கெட் ஊற்றுவார். ஆறு லிட்டர் பஞ்சத்துக்குப் பத்து, பதினைந்து லிட்டர் நிவாரணம்.

ஆய்வுமேசை | ஜூலை 6, காலை 8.15

கணக்கில் பிழை. 700 கிலோ எம்-சாண்டில் 140 கிலோவை எடுத்துவிட்டு 140 கிலோ ஆர்-சாண்ட் போட்டால் கன அளவு கூடும். இது லேசான பொருள் சார். கனமீட்டர் கனமீட்டராக இருக்காது.

சல்லடைக்காரன் | ஜூலை 6, காலை 9.00

சரி, தப்பு என்னுடையது. எடைக்கு எடை மாற்றக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நானே செய்திருக்கிறேன்.

திருத்தம். எம்-சாண்ட் ஒப்படர்த்தி 2.60 என்றால் 700 கிலோ 269 லிட்டர். அதில் 20%, 53.8 லிட்டர். ஆர்-சாண்ட் 2.30 என்றால் 124 கிலோ. 140 போட்டிருந்தால் கனமீட்டருக்கு 7 லிட்டர் கூடுதல் மணல், அந்த அளவுக்குச் சிமெண்ட் நீர்த்துப்போகும். 124 போடும்போது எடைக் கணக்கிலும் 20-க்குள்தான் (ஏறத்தாழ 18%) நிற்கிறது, எப்படிப் பார்த்தாலும் விதி மீறவில்லை.

உலர் எடை 113.8 கிலோ. 4% ஈரத்தோடு குவியலிலிருந்து எடுக்க வேண்டியது 118.3 கிலோ. கூடுதல் நீர் 5.7 லிட்டர். ஒரு மூட்டைக் கலவைக்கு (6.4 மூட்டை ஒரு கனமீட்டர்) ஆர்-சாண்ட் 18.5 கிலோ, கூடுதல் நீர் 0.9 லிட்டர். ஒரு தண்ணீர் பாட்டிலுக்கும் குறைவு. இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். கேளுங்கள், அடுத்த குறிப்பு அதுதான்.

சல்லடைக்காரன் | ஜூலை 6, இரவு 11.45

அந்த 9% மாதிரி எண் எங்கிருந்து வரும்? ஆய்வகச் சான்றிதழிலிருந்து. ஆய்வகத்துக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கூம்பிலிருந்து. தொல்லையே அங்கேதான்.

மணலை 24 மணி நேரம் ஊறவைத்து, பரப்பி, சூடான காற்று காட்டிக் கிளறிக்கொண்டே வர வேண்டும். அவ்வப்போது கொஞ்சம் எடுத்துக் கூம்பில் நிரப்புவார்கள்: மேல்வாய் 40 மி.மீ., அடி 90, உயரம் 75. 340 கிராம் தண்டால் 25 தட்டு, பிறகு கூம்பைத் தூக்குவது. மேற்பரப்பில் ஈரம் இருந்தால் மணல் அச்சாக நிற்கும். எப்போது லேசாகச் சரிகிறதோ அப்போது மேற்பரப்பு காய்ந்தது, உள்ளே மட்டும் நீர். ஆற்றுமணலில் இது அழகாக வேலை செய்யும், ஓரம் மெல்ல இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

ஆர்-சாண்ட் கொழுக்கட்டை மாதிரி நிற்கும். காய்ந்த பிறகும் நிற்கும். முனை முனையான துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன, நடுவில் தூள் பிடித்துக்கொள்கிறது. திடீரென்று ஒரு பக்கம் பொலபொலவென்று உதிரும். அதற்குள் உள்ளே இருந்த நீரிலும் ஒரு பகுதி போயிருக்கும், உறிஞ்சல் குறைவாக வரும். அவசரக்காரர் ஈரமாக இருக்கும்போதே "சரி, சரிந்துவிட்டது" என்று எழுதினால் அதிகமாக வரும். ஒரே மணலை இரண்டு பேர் சோதித்தால் 6 என்றும் 10 என்றும் வருவது இதனால்தான்.

இப்போது பழைய கணக்குக்கு வாருங்கள். சான்றிதழ் 9% என்கிறது, உண்மை 5% என்று வையுங்கள். 20% கலவையில் தேவையில்லாமல் ஊற்றிய நீர் 4.5 லிட்டர். விகிதம் 0.55-லிருந்து 0.564. தாங்கும். மணல் முழுவதும் ஆர்-சாண்ட் என்றால் அதே பிழை ஐந்து மடங்கு, 22.7 லிட்டர். விகிதம் 0.62. எம்20 என்று ஊற்றி எம்15-ஐ வாங்குவது இப்படித்தான். பொருள் கெட்டது என்பதைவிட, அதன் நீரை நம்மால் துல்லியமாக அளக்க முடியவில்லை என்பதுதான் 20 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லும் காரணம் என்று நான் படிக்கிறேன். குழு அப்படி நினைத்து எழுதியதா என்று கேட்காதீர்கள், இது என் வாசிப்பு.

ஈரக்கை | ஜூலை 7, காலை 6.50

அப்போ கூம்பை விட்டுவிட்டு என்ன செய்வது? அளக்காமலே விடுவதா?

சல்லடைக்காரன் | ஜூலை 7, பகல் 12.40

75 மைக்ரானில் கழுவித் தூளை எடுத்துவிட்டுச் சோதியுங்கள், கூம்பு ஓரளவு வழிக்கு வரும். அப்படிச் சோதித்ததை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் கழுவிப் போன தூள்தான் அதிகம் குடிப்பது. இல்லையென்றால் காகிதத் துவாலை: உறிஞ்சும் காகிதத்தில் ஒற்றி ஒற்றி, காகிதம் ஈரத்தால் கறுப்பது நிற்கும் வரை. பொறுமை வேண்டும். எந்த முறையானாலும் மூன்று மாதிரி எடுத்து, மூன்றும் ஒரு சதவீதத்துக்குள் வந்தால் நம்புங்கள்.

உலர்த்தும் அடுப்பும் கொஞ்சம் பொய் சொல்லும். 105 டிகிரியில் பசைக்குள் கட்டுண்ட நீரில் ஒரு பகுதியும் போய்விடும், ஜிப்சம் இருந்தால் அதுவும் நீரை விடும். எடை குறைவதெல்லாம் ஈரம் இல்லை.

சல்லடைக்காரன் | ஜூலை 7, பகல் 12.55

விட்டுப்போனது: 24 மணி நேர உறிஞ்சலில் பெரும்பகுதி முதல் பத்து நிமிடத்திலேயே முடிந்துவிடும். மிக்சரில் சுற்றும் நேரம், தூக்கிப்போகும் நேரம் இரண்டிலும் அது குடித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஸ்லம்பை மிக்சர் வாயில் ஒரு தரம், 30 நிமிடம் கழித்து ஒரு தரம் எடுங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தால் நனைத்தது போதவில்லை.

சல்லடைக்காரன் | ஜூலை 8, இரவு 9.15

நனைக்கும் முறை. முந்தின நாள் சாயங்காலம் குவியலை ஒன்றரை அடிக்கு மேல் போகாமல் பரப்பி, பூவாளி மாதிரி தெளித்து, ஒருமுறை புரட்டி, மறுபடி தெளித்து, தார்ப்பாய் மூடுங்கள். ஓஸ் பைப்பை நேராகப் பீய்ச்சினால் தூள் அடிக்கு இறங்கிவிடும். காலையில் மேலே எடுப்பது சொரசொர, அடியில் எடுப்பது சேறு. நோக்கம் முழுசாக நிரம்புவது இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே. சொட்டச் சொட்ட நனைத்தால் துகளைச் சுற்றி ஒரு நீர்ப்படலம் இருக்கும், புதுப் பசை அங்கே பிடிக்காது.

10/7 மிக்சரில் (ஒரு மூட்டைக் கலவை போடும் இயந்திரம்) வரிசை: ஜல்லி, ஆர்-சாண்ட், எம்-சாண்ட், பாதி நீர், அந்தக் கூடுதல் நீர். ஒரு நிமிடம் சுற்று. சிமெண்ட். மீதி நீர். இன்னும் இரண்டு நிமிடம். முதலில் போகிற நீர் துளைகளை அடைக்கும், பிறகு வரும் சிமெண்ட் தோல்மேல் கெட்டியாகப் பிடிக்கும். பிளாஸ்டிசைசர் (கலவையை இளக்கும் மருந்து) போட்டால் கடைசி நீரோடு மட்டும். முதலில் போட்டால் மணல் அதையும் சேர்த்துக் குடித்துவிடும், "மருந்து வேலை செய்யலை" என்று கடைக்காரரோடு சண்டை வரும்.

மாடிப்படி | ஜூலை 9, காலை 7.05

எடை போட வழியில்லை. பெட்டி அளவுதான்.

சல்லடைக்காரன் | ஜூலை 9, காலை 7.50

அப்படியானால் இதையும் கேளுங்கள். சாதா மணல் 4, 6% ஈரத்தில் உப்பும், 20-30% கூடக் கன அளவு பெருகும். ஆர்-சாண்டில் முதல் 8, 9% நீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது, உப்பலுக்கு அது வராது. வெளியே படலம் கட்டத் தொடங்கிய பிறகுதான் உப்பும். ஆகையால் எம்-சாண்டுக்கு வைத்த உப்பல் திருத்தத்தை இதற்கு வைத்தால் மணல் அதிகம் போய்விடும்.

அளவுக்குழாயில் ஈர மணலை 200 மி.லி. வரை நிரப்புங்கள், நீரை ஊற்றிக் கிளறி அடங்கவிடுங்கள். 160-க்கு இறங்கினால் உப்பல் 25%. இரண்டு மணலுக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு நாள் காலையிலும். அல்லது சந்தைத் தராசு ஒன்று வாங்குங்கள், 18.5 கிலோவைச் சட்டியில் நிறுத்துப்போடலாம். எனக்குத் தராசுதான் உத்தமம்.

ஆய்வுமேசை | ஜூலை 10, மாலை 5.30

சல்பேட் பற்றி யாரும் பேசவில்லையே. பிஓபி (ஜிப்சத்தைச் சுட்டுச் செய்யும் வெள்ளைச் சாந்து) பால்ஸ் சீலிங் இருந்த வீடா?

சல்லடைக்காரன் | ஜூலை 10, இரவு 10.20

நல்ல கேள்வி, ஆனால் பிஓபி மட்டும் இல்லை. ஐஎஸ் 383 இந்த வகை மணலுக்கு மொத்த சல்பேட் 0.5%, அமிலத்தில் கரையும் குளோரைடு 0.04% என்கிறது. சிமெண்டிலேயே இறுகும் நேரத்தைக் கட்டுப்படுத்தச் சேர்த்த ஜிப்சம் உண்டு. சல்பர் ட்ரைஆக்சைடாக 3% வைப்போம். 320 கிலோ சிமெண்டில் 9.6 கிலோ. 2400 கிலோ கான்கிரீட்டில் அது 0.40%. அதாவது ஒரு சிட்டிகை பிஓபி விழாத சுத்தமான கான்கிரீட்டே வரம்பில் ஐந்தில் நான்கு பங்கைத் தின்றுவிட்டது. மணல் பகுதியில் பசை ஒன்றரை மடங்கு செறிந்திருந்தால் 0.6. வரம்பைத் தாண்டியாயிற்று, தப்பு யார்மேலும் இல்லை.

அதனால்தான் ஐரோப்பியத் தரமான இஎன் 12620 நீரில் கரையும் சல்பேட்டைத் தனியாகப் பார்த்து 0.2% என்கிறது. பசைக்குள் கட்டுண்டது அவ்வளவு ஆபத்தில்லை. கரைந்து வரும் ஜிப்சம்தான் புதுச் சிமெண்டின் அலுமினேட்டோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகமாகி உப்புவது. இரண்டு சோதனையும் கேட்டு வாங்குங்கள். மொத்தம் அதிகம், கரைவது குறைவு என்றால் பொருளைப் பற்றிப் பயமில்லை, ஆனால் விதிப்படி ஸ்லாபுக்குப் போகாது, எம்15-க்குக் கீழான வேலைக்கும் தேறுமா என்று பொறியாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கரைவதும் அதிகம் என்றால் கான்கிரீட்டுக்கே வேண்டாம்.

இடிக்கும் வரிசைதான் மருந்து. முதலில் சீலிங், பிறகு டைல்ஸ், மரம், வயர். சுவரை இறக்கிச் செங்கல்லை வெளியேற்றிய பிறகு தூண், பீம். கடைசியில் பிரித்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. செங்கல் சிவப்பு கண்ணுக்குத் தெரியும், பிஓபி வெள்ளை தூளோடு தூளாக மறைந்துவிடும்.

சல்லடைக்காரன் | ஜூலை 11, காலை 8.00

பூச்சுக்கு ஏன் வேண்டாம். பூச்சு மெல்லிசு, மணல் அதிகம், 20% கட்டுப்பாட்டை அங்கே யாரும் பார்க்கப் போவதில்லை. காயும்போது சுருக்கம் கூடும், மயிரிழை வெடிப்பு வரும். பழைய பசையிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வெள்ளைப் பூப்பூக்கும், பெயிண்டர் வந்து உங்களைத் திட்டுவார். கடைசி மெழுகுக்கு அந்தத் தூள் வழவழப்பாக வரும் என்று கொத்தனார்களுக்குப் பிடிக்கலாம். அந்த வழவழப்புதான் வெடிப்பது.

ஈரக்கை | ஜூலை 11, காலை 8.40

ஜப்பானில் இதைச் சுத்தம் செய்து முழுசாகவே போடுகிறார்களாமே?

சல்லடைக்காரன் | ஜூலை 11, இரவு 11.10

போடுகிறார்கள், ஆனால் மூன்று வகுப்பாகப் பிரித்து. மணலுக்கு உறிஞ்சல் வரம்பு: எச் வகுப்பு 3.5%, எம் வகுப்பு 7%, எல் வகுப்பு 13%. நம் கிரஷரிலிருந்து நேராக வருவது எல், அதிர்ஷ்டம் இருந்தால் எம். எச் எடுக்க கான்கிரீட்டை 300 டிகிரிக்குச் சூடாக்கிப் பசையைப் பலவீனமாக்கி, உருளையில் தேய்த்துத் தோலை உரிப்பது ஒரு வழி. மணல் நன்றாக வரும். உரித்த தூள் மலையாகக் குவியும், அதற்கு வேறு வேலை தேட வேண்டும். எரிபொருள் செலவு வேறு.

கார்பன் டை ஆக்சைடு காட்டுவது இன்னொரு வழி. பசையில் இருக்கும் சுண்ணாம்பு கால்சைட் ஆகிக் கன அளவு கூடி, துளையை அடைக்கும், உறிஞ்சல் இறங்கும். மணல் நனைந்திருந்தால் வாயு உள்ளே போகாது, வறண்டிருந்தால் வினை நடக்காது, மிதமான ஈரம் வேண்டும். குவியலில் கிடக்கும்போது காற்றே இதை மெதுவாகச் செய்கிறது. ஆல்கஹாலில் கரைத்த 1% பீனாப்தலீனை (காரம் இருந்தால் நிறம் மாறும் மருந்து) சொட்டுங்கள்: புதிதாக உடைத்தது ரோஜா நிறத்துக்குப் போகும், மாசக்கணக்கில் கிடந்ததன் மேல்புறம் நிறமே மாறாது. மாறாவிட்டால் தரம் கெட்டது என்று அர்த்தம் இல்லை, சொல்லப்போனால் நம் வேலைக்குக் கொஞ்சம் நல்லதுதான்.

மாடிப்படி | ஜூலை 19, மாலை 6.45

சல்லடை அறிக்கை வந்தது. கடந்தது: 4.75-ல் 96%, 2.36-ல் 74, 1.18-ல் 52, 600 மைக்ரானில் 33, 300-ல் 19, 150-ல் 11. உறிஞ்சல் கழுவிச் சோதித்ததில் 7.8, 8.1, 8.3. நீரில் கரையும் சல்பேட் 0.09, மொத்தம் 0.46. குளோரைடு 0.02. தூள் 75 மைக்ரானுக்குக் கீழே 3%.

சல்லடைக்காரன் | ஜூலை 19, இரவு 9.30

மண்டலம் ஒன்று (ஐஎஸ் 383-ன் மணல் பிரிவுகளில் மிகச் சொரசொரப்பானது). 600 மைக்ரானில் 33 என்பது 34 என்ற விளிம்பில், 300-ல் 19 என்பது 20-ன் விளிம்பில். 150-க்கு வழக்கமான வரம்பு 10, உடைத்த கல் மணலுக்கு 20 வரை தளர்வு உண்டு, நீங்கள் எம்-சாண்டோடு கலந்த கலவை மணலாகச் சேர்த்து எடுத்தாலே 10-க்குள் வந்துவிடுமா என்று பாருங்கள். நுண்மை எண் (கூடினால் மணல் சொரசொரப்பு) 3.15. மேலே சொரசொர, அடியில் தூள், நடு ஒல்லி. இரண்டாம் மண்டல எம்-சாண்டில் ஐந்தில் ஒரு பங்காகக் கலந்தால் அடங்கிவிடும்.

அந்தத் தூள் 3% மட்டும் உலர் சல்லடை எண் மாதிரி இருக்கிறது. உலர்ந்த நிலையில் தூள் துகளோடு ஒட்டிக்கொண்டு இறங்காது. நீரில் கழுவி எடுக்கச் சொல்லுங்கள்.

மாடிப்படி | ஜூலை 21, பகல் 11.20

கழுவினால் 7%. நீங்கள் சொன்னதுதான். கலவை மணலில் 150-ஐக் கடப்பது 8%.

சல்லடைக்காரன் | ஜூலை 21, பகல் 11.50

போதும், ஸ்லாபுக்குப் போகலாம். உறிஞ்சலை 8% என்று வைத்துக் கூடுதல் நீரை மறுபடி கணக்கிடுங்கள், குவியல் ஈரம் அன்றைய காலை எண். ட்ரையல் கலவையில் ஆறு கியூப் (பலம் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி): மூன்று 7 நாள், மூன்று 28 நாள். ஆர்-சாண்ட் இல்லாமல் இன்னொரு ஆறும் அதே நாளில் போடுங்கள், ஒப்பிட ஒன்று வேண்டும். மிஞ்சுவதை அஸ்திவாரத்தின் கீழ் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவைக்குப் போடுங்கள், அங்கே நூறு சதவீதமும் செல்லும். மழைநீர் வடிகால் குழாயைச் சுற்றி நிரப்ப மட்டும் கொட்டாதீர்கள். சுண்ணாம்பு கரைந்துபோய்க் குழாய் ஓட்டையில் படிந்து அடைத்துவிடும்.

கியூப் எண் வந்ததும் இங்கேயே போடுங்கள். 28 நாள் என்றால் ஆகஸ்ட் கடைசி.

ஈரக்கை | ஜூலை 21, பகல் 12.05

ஒப்பந்தக்காரரின் அஞ்சு கிலோ?

சல்லடைக்காரன் | ஜூலை 21, பகல் 12.06

மூட்டையிலேயே இருக்கட்டும்.